பட்டறையில் ஒளித்த ஃபேன்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இருவரும் சண்டை போட்டபோது நான் பதில் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். பதில் தெரியாமல் போகவில்லை. வாயால் சொன்னால் பாதியிலேயே செல்போனை எடுத்துவிடுவீர்கள். எழுதி வைத்தால், எழுதினவன் பக்கத்தில் இல்லாத நேரத்திலாவது படிப்பீர்கள் என்று ஒரு நப்பாசை.

பெரியவள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வறுமைக்கான காரணங்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மக்கள்தொகைப் பெருக்கம், கல்வியின்மை, வேலையின்மை என்று ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் திடீரென்று கேட்டான்.

"அக்கா, நம்ம ஏழையா?"

"போடா. நம்ம வூட்லதான் ஃபேன் சுத்துதே, ஃப்ரிட்ஜ் இருக்கே. நம்ம எப்படிடா ஏழை?"

"அப்ப ஏன் ரேஷன் அரிசி வாங்குறோம்?"

இருவரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நான் பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். புத்தகத்தில் போட்டிருப்பது தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால், ஒரே ஒரு ஃபேனால் எங்கள் குடும்பம் ஏழை இல்லாமல் போகப் பார்த்த கதை அந்தப் புத்தகத்தில் இல்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மண்சுவர் வைத்து நாட்டு ஓடு போட்ட வீடு. அந்த வீட்டின் உத்திரத்தில் ஒரு ஃபேன் தொங்கியது. அது என் மாமா, அதாவது அம்மாவுடன் பிறந்தவர், என் அக்கா வயசுக்கு வந்தபோது வைத்த சீர். உங்கள் அத்தையைத்தான் சொல்கிறேன். பட்டுப் பாவாடை, பழத்தட்டு, வெள்ளிக் கொலுசு எல்லாம் வரிசையாக வர, கடைசியில் மாமாவின் கூட்டாளி ஒருவர் அட்டைப் பெட்டியோடு ஃபேனைத் தலையில் சுமந்துகொண்டு மேளத்துக்குப் பின்னால் வந்தார். எங்கள் தெருவில் சீர்வரிசையில் ஃபேன் வந்தது அதுதான் முதல் தடவை. ஊரே வந்து பார்த்தது.

மாமா ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது சர்க்கார் இலவசமாகக் கொடுத்த ஒத்தை பல்பு இணைப்பு. ஒரு குண்டு பல்பு எரியலாம். அதற்கு மேல் ஒன்றும் கூடாது. மச்சான் ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. உத்திரத்தில் கொக்கி அடித்தார். அம்மா கொக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஃபேன் ஏறியது. சுற்றவில்லை. வாசல் வழியாகக் காற்று வந்தால் தானாகக் கொஞ்சம் அசையும். ரொம்பப் புழுக்கமான மத்தியானங்களில் நான் ஒரு குச்சியால் தள்ளிவிடுவேன். இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகுதான் "சௌக்கியமா?" என்பார்கள்.

அந்த வருஷம் வெங்காயம் நன்றாக விளைந்தது. நன்றாக விளைந்ததுதான் வினை. மாசியில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பிடுங்கினார்கள். வியாபாரி வந்து, ஒரு கை அள்ளிப் பார்த்து, தயவு செய்வதுபோல ஒரு விலை சொன்னார். பிடுங்கின ஆட்களின் கூலிக்கே அது போதாது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து குத்தகைக்குப் பயிர் செய்திருந்தார்கள். இருவரும் யோசித்து, வெங்காயத்தை விற்காமல் பட்டறை போட்டார்கள்.

நீங்கள் பட்டறையைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கல்லை அடுக்கி, மேலே கழிகளைப் பரப்பி, நாலு பக்கமும் குச்சி பின்னிய படல் கட்டி, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருப்பார்கள். காற்று உள்ளே புகுந்து வர வேண்டும்; தண்ணீர் ஒரு சொட்டுப் புகக்கூடாது. புகுந்தால் மேலே இருப்பது அழுகும். அழுகினது கீழே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வைகாசி வரைக்கும் தாங்கிவிட்டால் விதை வெங்காயத்துக்கு நல்ல விலை வரும். காத்திருக்கிறவனுக்கு விலை உண்டு. ஆனால் அவன் வயிறு காத்திருக்க வேண்டுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் எங்கள் தெருவுக்கு வந்தார். மேற்கே ஏதோ ஒரு மில். அங்கேயே தங்க வேண்டும், சோறு போடுவார்கள், கெடு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். அக்கா வயதுப் பெண்கள் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அக்கா அப்போதுதான் ஒன்பதாவது முடித்திருந்தாள். ஏஜெண்டின் குரல் தெருவில் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்பா அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மா மட்டும் வேறொரு கணக்கு வைத்திருந்தாள். சர்க்கார் ஊர் ஊராக யார் ஏழை என்று கணக்கெடுக்கப்போகிறதாம். பேர் வந்தவர்களுக்குக் கறவை மாடு கிடைக்குமாம். பாதி விலை சர்க்காருடையதாம். பால் சொசைட்டி வண்டிதான் தினமும் ஊருக்கு வருகிறதே.

"மாடு வந்துட்டா எம்புள்ள எங்கயும் போவ வேணாம்" என்றாள்.

"வரலேன்னா?" என்றார் அப்பா.

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அதனால் எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. மாடு வந்தால் அக்கா பத்தாவது. வராவிட்டால் மில்.

டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. டிவி, மிக்ஸி, ஃபேன், மோட்டார் சைக்கிள் இவற்றில் ஒன்று இருந்தாலும் பேர் வராதாம். யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் நம்பினார்கள். டிவிகள் வைக்கோல் போருக்குள் போயின. ஒரு வீட்டில் மிக்ஸியை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டார்கள். எங்கள் தெரு ஒரே நாளில் ஏழையானது.

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் வீடு பக்கத்து வீடுதான். அவர் வீட்டில் முழு கரண்டு இருந்தது, டிவியும் இருந்தது. பருத்தி விலைபோன ஒரு வருஷத்தில் வாங்கினது. "ஒழைக்கிறவன் ஏழையா இருக்கமாட்டான் அண்ணி, சோம்பேறிதான் ஏழை" என்று அடிக்கடி சொல்லுவார். அம்மாவும் விடமாட்டாள். "அப்புடின்னா நம்ம ஊர்லயே பெரிய பணக்காரன் ஒங்க செவலை மாடுதான் தம்பி" என்பாள்.

அன்றைக்கு சித்தப்பா தத்துவம் பேச வரவில்லை.

"அண்ணே, இதக் கழட்டு."

"சுத்தாத ஃபேனுடா அது. அத எதுக்கு ஒளிக்கணும்?"

"நாளைக்குக் கணக்கெடுக்க வர்றவன் சுத்துதான்னு கேக்க மாட்டான். இருக்கான்னுதான் கேப்பான்."

அப்பா ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கே ஒளிப்பது? வைக்கோல் போரெல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. சித்தப்பாதான் பட்டறையைக் காட்டினார். அது வீட்டுக்குப் பின்னால், கொல்லையைத் தாண்டினால் வரும் காட்டில், அதாவது எங்கள் குத்தகை நிலத்தில் இருந்தது. வெங்காயத்துக்குள் யார் கையை விட்டுப் பார்க்கப்போகிறார்கள்? சாயங்காலம் பட்டறையின் ஒரு மூலையில் கீற்றைப் பிரித்தார்கள். சாக்கில் சுற்றிய ஃபேன் உள்ளே ஆழத்துக்குப் போனது. போர்வையில் சுற்றிய டிவியை மேலாகவே வைத்தார் சித்தப்பா. ஆழத்தில் வைத்தால் டிவிக்கு மூச்சு முட்டுமாம். மேலே வெங்காயத்தைப் பரப்பி, கீற்றை மூடி, கயிற்றில் ஒரு அரைமுடிச்சுப் போட்டார்.

"நல்லா இறுக்குடா" என்றார் அப்பா.

"நாளைக்கு எடுக்கப்போறதுதானே? போதும்ணே."

மறுநாள் கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெரிய லீவு என்பதால் அவர்களைத்தான் அனுப்புவார்களாம். வேறு ஊர்க்காரர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டுப் பையோடு உள்ளே வந்தார். நான் சர்க்கார் என்றால் ஜீப்பில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். சர்க்காருக்கு மொபெட்டில் வந்து முதுகு நனைந்திருந்தது.

சித்தப்பா வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். உதவிக்கு என்று சித்தப்பாவும் கூடவே வந்து நின்றார். அப்பா கீழே உட்கார்ந்தார். நிலம் சொந்தமா, குத்தகையா? எத்தனை பேர்? வேலை என்ன? அப்பா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். வாத்தியார் அக்காவைப் பார்த்தார்.

"நீ என்னம்மா படிக்கிற?"

"ஒம்பதாவது முடிச்சிருக்கேன் சார்."

"அடுத்து பத்தாவதா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். வாத்தியார் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்.

நல்ல புழுக்கம். காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. அம்மா மோர் கொடுத்துவிட்டு முறத்தால் விசிறினாள். வாத்தியார் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்தார். உத்திரத்தில் கொக்கி இருந்தது. கொக்கியில் சந்தனம், குங்குமம் எல்லாம் அப்படியே இருந்தன.

"இது என்னங்க?"

"தூளி கட்டுனது சார்" என்றார் சித்தப்பா, அப்பாவை முந்திக்கொண்டு.

"யாருக்கு?"

"இவனுக்குத்தான்" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். வாத்தியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இவன் இன்னும் தூளியிலதான் தூங்குறானா?"

"புள்ள கொஞ்சம் செல்லம் சார்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. நான் தூளியில் தூங்குகிறேன் என்று சர்க்காரில் எழுதிவிட்டால் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

"ஃபேன் இருக்கா?" என்று கேட்டார் வாத்தியார். தாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். அதே நேரம் வாசலில் புழுதி எழும்பியது. எங்கோ ஒரு தகரம் தடதடத்தது. வெயில் அணைந்ததுபோல வீடு இருட்டியது. மண்வாசனை வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம் தரும் அந்த வாசனை, பட்டறை போட்டவனை மட்டும் காட்டுக்கு விரட்டும். அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. சர்க்கார் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவர் கண் கொல்லைப்பக்கம் ஓடியதை நான் பார்த்தேன்.

வாத்தியாரும் பார்த்திருக்க வேண்டும்.

"வெளிய ஏதாச்சும் கெடக்கா?"

"பட்டறைங்க சார்."

"அட, மொதல்ல எழுந்திரிங்கய்யா!"

அவரும் எழுந்துவிட்டார். பையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பேண்ட்டை முழங்கால்வரை மடித்தார். இந்தப் பக்கத்து ஆள்தானே! வெங்காயக் காட்டில் பிறந்தவனுக்கு மழை வந்தால் கால் நிற்குமா? கொல்லை வழியாக எல்லாரும் ஓடினோம்.

நாங்கள் போய்ச் சேரும்போதே காற்று அந்த அரைமுடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தது. மூலைக் கீற்று எழும்பி எழும்பி அடித்தது. அதைத் தொட்டு அடுத்த கீற்றும் கிளம்பிக்கொண்டிருந்தது. அப்பா படலில் கால் வைத்து ஏறி, திறந்துகிடந்த இடத்தில் குப்புறப் படுத்துவிட்டார். தன் முதுகாலேயே மழையைத் தடுக்கப் பார்த்தார். அம்மா சாக்குகளை அள்ளி மேலே வீசினாள். அக்கா கீற்றின் ஒரு நுனியைப் பிடித்துத் தொங்கினாள். கயிற்றின் ஒரு முனையை அப்பா என்னிடம் எறிந்தார். முதல் சொட்டுகள் கல்லெறிவதுபோல விழுந்தன.

கயிறு என் கையில் இருந்தது. ஆனால் என் நினைப்பெல்லாம் வேறு. நான் குச்சியால் தள்ளிச் சுற்றவிட்ட சாமான் உள்ளே இருக்கிறது.

"அப்பா! ஃபேனு நனையுதுப்பா!" என்று கத்தினேன்.

அப்பா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேனு கெடக்கட்டும்டா! கயித்த விடாத!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கும். அம்மாவின் கை சாக்கோடு அந்தரத்தில் நின்றது. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் என் கையிலிருந்த கயிற்றை எனக்கு மேலே ஒரு பிடி பிடித்து, காலை ஊன்றி இழுத்தார்.

"இறுக்கிட்டேன்யா, அந்தப் பக்கம் முடி!" என்று அப்பாவுக்குக் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் அந்த மூலையின் மறுபக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார். படலைப் பிரித்து, உள்ளே கையைவிட்டு, போர்வையோடு டிவியை உருவி எடுத்திருந்தார். போர்வை பாதி அவிழ்ந்து மண்ணில் இழுபட, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு, குனிந்து ஓடிவந்தவர், நேராக வாத்தியார் மேலேயே மோதினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள்.

"டிவிங்களா?" என்றார் வாத்தியார்.

"ஆமாங்க சார்" என்றார் சித்தப்பா. வேறு என்ன சொல்ல முடியும்?

"சரி, நனையப்போவுது, போங்க. போயிட்டு வந்து இந்தப் பக்கம் பிடிங்க."

சித்தப்பா ஓடினார், போனவர் திரும்பி வந்து பிடிக்கவும் செய்தார். அதை மறைக்கக்கூடாது. மழை அரைமணி நேரம்கூடப் பெய்யவில்லை. கோடைமழை அப்படித்தான், மிரட்டிவிட்டுப் போய்விடும். மேலாக இருந்த வெங்காயத்தில் கொஞ்சம்தான் நனைந்திருந்தது. அப்பா அதையெல்லாம் தனியாக அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஆழத்தில் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே காய்ந்துதான் இருந்தது. கையில் ஒட்டிய வெங்காயச் சருகை அவர் முகத்தில் தடவிக்கொண்டாரா, கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அம்மா துண்டு கொடுத்தாள். வாத்தியார் தலையைத் துவட்டிக்கொண்டு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்:

"அந்த ஃபேன எடுத்துத் தொடச்சு வைங்க. தண்ணி எறங்கியிருக்கும்."

அப்பா கைகட்டி நின்றார். "சுத்தாதுங்க சார். ஒத்த பல்பு லைட்டு. மச்சான் சீரு வெச்சது, மறுக்க முடியல."

"கொக்கியில குங்குமத்தப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார் வாத்தியார். பிறகு என்னைப் பார்த்தார். "தூளிக்கு யாரும் இவ்ளோ பெரிய கொக்கி அடிக்க மாட்டாங்கடா." மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

பொய் பிடிபட்டுவிட்டது, பேர் வராது என்றே எல்லாரும் நினைத்தோம். அம்மா ஒரு பையில் அக்காவின் துணிகளை மடித்து வைத்தாள். பிறகு எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். ஏஜெண்ட் வந்தபோது அப்பா, "லிஸ்ட் வரட்டும், அப்பறம் சொல்றேன்" என்றார். வழக்கம்போல ஏஜெண்ட் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பேர் வாசித்தார்கள். அப்பா போகவில்லை. காட்டில் வேலை இருக்கிறது என்று மண்வெட்டியோடு கிளம்பினார். உண்மையில் அன்று அங்கே வேலை ஒன்றும் கிடையாது. நான் போனேன். பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நின்றேன். கிளார்க் சளி பிடித்த குரலில் வாசித்துக்கொண்டே போனார். அப்பாவின் பேர் வந்தது. தாத்தா பேரோடு சேர்த்து வாசித்ததால் வேறு யாரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். மறுநொடி ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேயே கழன்றுவிட்டது.

அக்கா கொல்லையில் விதை வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். "பேரு வந்துருச்சு!" என்றேன். மூட்டை மூட்டையாக வெங்காயம் ஆய்ந்தபோதெல்லாம் கலங்காத அவள் கண் அப்போதுதான் கலங்கியது. அம்மா வீட்டுக்குள் போய், மடித்து வைத்திருந்த துணியைப் பையிலிருந்து கொட்டினாள். எங்களைத் திட்டிக்கொண்டே கொட்டினாள். எதற்குத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பாவைத் தேடிக் காட்டுக்கு ஓடினேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சொன்னதும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "சரி, வா, சோறு திங்கலாம்" என்றார். வழியெல்லாம் என் தலையில் கை வைத்துக்கொண்டே வந்தார்.

சித்தப்பாவின் பேர் இல்லை. இரண்டு நாள் ஊர் கேட்கக் கத்தினார். சித்திதான் அடக்கினாள். "எம்புள்ளையக்கூட நீ அப்புடி மாரோட அணைச்சதில்ல. அந்தப் பொட்டிய அணைச்சல்ல, அதுவே ஒனக்கு மாடு வாங்கித் தரும், போ!" தெருவே சிரித்தது, கடைசியில் சித்தப்பாவும் சிரித்துவிட்டார்.

மாடு உடனே வந்துவிடவில்லை. சர்க்கார் மாடு மெதுவாகத்தான் நடக்கும். ஐப்பசி மழையில்தான் காதில் நம்பர் வில்லையோடு வீட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் விதை வெங்காயம் விற்ற காசில் ஓட்டினோம். அக்கா பத்தாவது போனாள். அவள் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற நர்ஸ். சின்னவனே, நீ பயந்து ஒளிகிறாயே, அதே ஊசிதான். மாடு கறந்த நாளிலிருந்து தினமும் ஒரு செம்புப் பால் சித்தப்பா வீட்டுக்குப் போனது. அம்மா யாரையும் கேட்கவில்லை. கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

அப்போது எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? நாம் சர்க்காரை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு, வாத்தியார் இரக்கப்பட்டு நமக்காக ஒரு பொய் எழுதினார் என்று நினைத்தேன். இரண்டுமே சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. மழைக்குப் பிறகு அவர் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று அந்த வயதில் நான் யோசிக்கவே இல்லை. காற்றடித்தபோது யார் எதை நோக்கி ஓடினார்கள் என்று அவர் பார்த்துவிட்டார். கேட்க வந்ததற்கு அதுவே விடை என்று நினைத்திருப்பார். தாளில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது.

ஆனால் சித்தப்பா விஷயத்தில் அது முழு நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். எத்தனையோ வருஷப் பருத்தியில் அவர் கையில் தங்கியது அந்த ஒரு பெட்டிதான். பயந்தவன் எதைக் கட்டிப்பிடிப்பான் என்று யார் சொல்ல முடியும்? வறுமைக் கோட்டுக்கு மேலே ஒரு முழம், கீழே ஒரு முழம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

அதனால்தான் மகளே, தம்பி கேட்ட கேள்விக்கு உன் புத்தகம்போல என்னால் வரிசையாகப் பதில் சொல்ல முடியவில்லை. விளைச்சல் இல்லாமல் நாங்கள் ஏழையாக இல்லை. விளைந்தும் ஏழையாக இருந்தோம். உழைக்காமல் இல்லை; மாட்டுக்கு ஈடாக உழைத்தோம். விலை எங்கள் கையில் இல்லை, மழை எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருந்தது ஒரு கயிறு. அதன் மறுமுனையை ஒருவர் வந்து பிடித்தார். நீ பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதையே எழுது. மார்க் முக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போய்வந்தேன் அல்லவா? சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அந்தக் காட்டுப்பக்கம் நடந்தேன். குத்தகை எப்போதோ கைமாறிவிட்டது. இப்போது பயிர் வைத்திருப்பது யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அதே இடத்தில் ஒரு பட்டறை இருந்தது. மேலே கீற்றுக்குப் பதிலாக நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். மேற்கே கொஞ்சம் கருத்திருந்தது. ஒரு மூலையில் கயிறு தளர்ந்து, தார்ப்பாயின் நுனி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, படலில் கால் வைத்து ஏறி, கயிற்றை இறுக்கி இழுத்து, முழுமுடிச்சாகப் போட்டேன். ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். பிறகு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.